தாதியருக்குக் கற்பிப்பவர் யார்? விடுதியிலிருந்து வகுப்பறைக்குச் செல்லும் வளைந்த பாதை

ஒரு வைத்தியசாலையின் தரத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள், கட்டில்கள் போதுமா, ஸ்கான் இயந்திரம் வேலை செய்கிறதா என்று கேட்கிறோம். நோயாளியோடு இரவு பகலாக இருக்கும் தாதிக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்பது குறைவு. ஆனால் ஊசி போடும் கை நடுங்காமல் இருப்பதும், மருந்தின் அளவு இரண்டாம் தடவை சரிபார்க்கப்படுவதும், நள்ளிரவில் ஒரு நோயாளியின் மூச்சு மாறுவது கவனிக்கப்படுவதும் அந்த ஆசிரியரில்தான் தொடங்குகின்றன.

பாடசாலை ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு வழி ஓரளவு தெரியும். கல்வியியல் கல்லூரிக்குப் போகலாம், பட்டம் பெற்று நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தாதியர் துறையில் ஆசிரியராவதற்கு அப்படியொரு நேர்வழி இல்லை. முதலில் தாதியாக வேண்டும், பல ஆண்டுகள் விடுதியில் நிற்க வேண்டும், பிறகு மீண்டும் மாணவியாக வேண்டும், அதன் பிறகுதான் வகுப்பறைக்குள் நுழையலாம். உலகெங்கும் இந்தப் பாதை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இதை யுத்தமும் இடப்பெயர்வும் இன்னும் பல இடங்களில் வளைத்துவிட்டன.

அந்தப் பாதையில் என்ன கதவுகள் இருக்கின்றன, எங்கே பலர் நின்றுவிடுகிறார்கள், அதனால் நமது நோயாளிகள் எதை இழக்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

நல்ல தாதி எல்லோரும் நல்ல ஆசிரியரா?

அமெரிக்கத் தாதியர் கல்வியாளரான பற்றீசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூல் ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. செஸ் ஆட்டக்காரர்களும் விமானிகளும் எவ்வாறு திறன் பெறுகிறார்கள் என்று ஆராய்ந்த டிரைபஸ் சகோதரர்களின் கருத்தை அவர் தாதியர் பணிக்குப் பொருத்திப் பார்த்தார். ஒரு தாதி ஐந்து படிகளைக் கடக்கிறார் என்றார். தொடக்கநிலையில் விதிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். பின்னர் ஓரளவு அனுபவம், அடுத்து தகுதி, அதன்மேல் தேர்ச்சி, கடைசியில் நிபுணத்துவம்.

நிபுணத்துவம் பெற்றவர் விதிகளை யோசிப்பதில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்த உடனேயே "இவருக்கு ஏதோ சரியில்லை" என்று தெரிந்துகொள்கிறார். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அதைப் பிறகுதான் உறுதிப்படுத்துகின்றன.

கற்பித்தலின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. யோசிக்காமல் செய்யப் பழகிய ஒன்றை, எதுவும் தெரியாத ஒரு மாணவிக்குச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் "பார்த்தால் தெரியும்" என்பது பதிலாகாது. தோலின் நிறம் மாறியதா, பேச்சு குறைந்ததா, கட்டிலில் கிடக்கும் விதம் வேறா என்று தன் அறிவைத் தானே பிரித்துப் பார்க்க வேண்டும். அது தனியான ஒரு திறன்.

உலக சுகாதார அமைப்பு 2016இல் தாதியர் ஆசிரியர்களுக்கான தகைமைகளை எட்டுத் துறைகளாக வகுத்து வெளியிட்டது. தாதியர் பணி அவற்றில் ஒன்று மட்டுமே. வயது வந்தோர் கற்கும் முறை, பாடத்திட்டம் அமைத்தல், ஆய்வும் ஆதாரமும், தொடர்பாடல், ஒழுக்கநெறியும் சட்டமும், மதிப்பீடு, தலைமைத்துவம் என்பன மற்றவை. அனுபவம் இல்லாமல் இந்த ஆசிரியப் பணி இல்லை. அனுபவம் மட்டும் இருந்தாலும் போதாது. பாதை இத்தனை தடவை வளைவதற்கு இதுவே முதற்காரணம்.

இலங்கையில் இருக்கும் மூன்று கதவுகள்

முதலாவது கதவு சுகாதார அமைச்சினுடையது. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்தவர்கள் அரச தாதியர் கல்லூரிகளில் மூன்று ஆண்டுகள் பயின்று டிப்ளோமா பெறுகிறார்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் இந்தக் கல்லூரிகள் உள்ளன. பின்னர் தாதிய உத்தியோகத்தராக நியமனம் கிடைக்கிறது. சில ஆண்டுச் சேவைக்குப் பின் கொழும்பிலுள்ள அடிப்படைக்குப் பிந்திய தாதியர் கல்லூரியில் சுமார் ஒன்றரை ஆண்டுப் பயிற்சிக்குத் தெரிவாகலாம். அங்கே விடுதி நிர்வாகத்துக்கு ஒரு பிரிவும் கற்பித்தலுக்கு ஒரு பிரிவும் உண்டு. கற்பித்தல் பிரிவில் தேறியவரே தாதியர் கல்லூரியில் போதனாசிரியராகிறார்.

இரண்டாவது கதவு திறந்த பல்கலைக்கழகம். டிப்ளோமா மட்டும் வைத்திருந்த தாதியர் வேலையை விடாமல் பட்டம் பெறுவதற்கு 1994இல் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு இந்த வழி தொடங்கப்பட்டது. ஒரு தலைமுறைத் தாதியருக்குப் பட்டப்படிப்பின் கதவைத் திறந்தது இதுதான். இன்று தாதியர் கல்வியில் பெயர் பெற்ற பலருடைய பயணம் இதன் வழியே சென்றது. ஆனால் இரவுக் கடமை முடித்து வந்து ஆங்கிலப் பாடநூலைத் திறப்பதும், செய்முறை வகுப்புக்கும் பரீட்சைக்கும் விடுப்புக் கேட்டு நிற்பதும் எளிதான காரியங்கள் அல்ல.

மூன்றாவது கதவு வழமையான பல்கலைக்கழகம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் தாதியர் விஞ்ஞானமாணிப் பட்டம் வழங்கப்படுகிறது. இங்கு ஆசிரியராக விரும்புபவர் சிறப்பு வகுப்பில் தேற வேண்டும். முதலில் தற்காலிகப் பதவியில் செய்முறை வகுப்புகளை நடத்துவார். பின்னர் தகுதிகாண் விரிவுரையாளர் பதவி. அதன்பின் முதுமாணிப் பட்டமும் ஆய்வும் கற்பித்தல் சான்றிதழும் பெற்றால்தான் பதவி உறுதியாகும். இலங்கைத் தகைமைச் சட்டகம் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாகப் பிரிக்கிறது. உயர்தரம் 2ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். ஏணியின் நீளத்தை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மூன்று கதவுகளுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொன்றும் முந்திய படிப்பின் சான்றிதழைக் கேட்கிறது. தொடக்கத்திலேயே தடுக்கப்பட்டவருக்கு அடுத்தவை இல்லை. யுத்தம் அதிகமாகக் காயப்படுத்தியது அந்தத் தொடக்கத்தைத்தான்.

ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

ஒரு கணக்குக்காக 1979இல் வலிகாமத்தில் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இது தனியொருவரின் கதை அன்று. ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு இப்படி ஒரு அக்காவையோ மச்சாளையோ தெரிந்திருக்கும்.

1995 டிசம்பரில் அவர் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு முன்னரே, ஒக்ரோபர் 30ஆம் திகதி, முழு வலிகாமமும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அவருடைய குடும்பம் அங்கிருந்து வன்னிக்குப் போகிறது. கிளிநொச்சி 1996இல் விழுகிறது. வைத்தியசாலைகள் மல்லாவி போன்ற இடங்களுக்குள் ஒடுங்குகின்றன. உயர்தரத்துக்கு விஞ்ஞான ஆய்வுகூடமும் இல்லை, இரசாயனவியல் படிப்பிக்க ஆசிரியரும் இல்லை. அவர் வைத்தியசாலையில் தொண்டராகச் சேர்கிறார். காயத்துக்கு மருந்து கட்டவும் சேலைன் ஏற்றவும் பிரசவத்துக்கு உதவவும் பழகுகிறார்.

2002இல் சமாதானப் பேச்சு வருகிறது. உயர்தரம் எழுதலாமா என்று யோசிக்கும்போது வயது 23. வீட்டில் தம்பிமார் படிக்கிறார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்படுகிறது. 2009 மேயில் யுத்தம் முடிகிறபோது அவருக்கு முப்பது வயது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. அதை உறுதிப்படுத்த ஒரு கடிதமேனும் கையில் இல்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் வயது கடந்துவிட்டது. உயர்தர விஞ்ஞானச் சித்தியும் இல்லை.

வன்னியில் சுகாதாரத் தொண்டர்களாக இருந்தவர்களைத் தவிர, விடுதலைப் புலிகளின் மருத்துவப் பிரிவில் பயிற்சி பெற்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் கடுமையான அறுவைச் சிகிச்சைகளுக்கே உதவியவர்கள். அந்தப் பயிற்சிக்கு அரச பதிவேட்டில் இடமில்லை. யுத்தத்தின் பின் அதை வெளியில் சொல்வதே பலருக்குப் பயமாக இருந்தது. தடுப்பும் புனர்வாழ்வு முகாமும் கடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் கைத்தொழிலை மறைத்துக்கொண்டு தையலுக்கும் கடைக்கும் வேலைக்குப் போனார்கள்.

சரியான நேரத்தில் டிப்ளோமா பெற்று நியமனமும் கிடைத்த தாதியருக்குப் பாதை வேறு இடத்தில் வளைந்தது. கொழும்பில் ஒன்றரை ஆண்டு தங்கிப் படிக்க வேண்டும் என்றால் பிள்ளைகளை யாரிடம் விடுவது? கணவனை இழந்த அல்லது தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் முதிய பெற்றோரை விட்டுப் போக முடியுமா? மேற்படிப்பு இல்லாமலே ஓய்வு பெறுகிறவர்களைப் பார்த்து "ஆர்வமில்லை" என்று சொல்வது சுலபம். தடை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

மொழி என்னும் நான்காவது கதவு

பட்டப்படிப்பும் மேற்படிப்பும் ஆங்கிலத்தில். நிர்வாகக் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்தில். நோயாளி பேசுவதோ தமிழில், அதுவும் தன் ஊர்த் தமிழில். "நெஞ்சு கரிக்குது", "கை கால் விறைக்குது", "உடம்பு உளையுது" என்பதை மாணவி விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு மருத்துவர் சொன்னதைத் திரும்பத் தமிழில் விளக்க வேண்டும். இந்தப் போக்குவரத்தைக் கற்றுக்கொடுப்பதற்குப் பாடநூல் கிடையாது. இரண்டு பக்கமும் நின்ற ஆசிரியர்தான் வேண்டும்.

இந்தப் பிரச்சினை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் ஆகிய துறை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடி வேறிடம் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் ஊர்களிலேயே நின்று வைத்தியம் பார்ப்பார்கள் என்பதும் அவரது கணிப்பில் ஒன்று.

இன்று தாதியர் கல்வியை முழுக்கத் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆங்கிலம் இல்லாமல் புதிய ஆய்வுகளைப் படிக்க முடியாது. ஆனால் கிறீன் கண்ட மற்றப் பாதி இன்றும் உண்மை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கம் அனுமதித்தது. தாதியரும் போனார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரில் நிற்கக்கூடியவர்களில் எத்தனை பேரை ஆசிரியராக உயர்த்துகிறோம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வளைந்த பாதையில் வந்தவரிடம் என்ன இருக்கிறது?

எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் நோயாளியின் உடலில் உலோகம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும் என்பது எல்லாப் பாடநூலிலும் உள்ள விதி. அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். உடலுக்குள் இருக்கும் உலோகத்தை அது அசைக்கவோ சூடாக்கவோ கூடும். பாடநூல் இதயமுடுக்கியையும் எலும்பில் பொருத்திய தகட்டையும் உதாரணம் காட்டும். முல்லைத்தீவிலிருந்து வரும் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உடம்பில ஷெல் துண்டு ஏதும் இருக்கா அம்மா?" பல ஆண்டுகளாக வலிக்காததால் அவரே அதை மறந்திருக்கலாம். அந்தக் கேள்வி ஒரு மாணவியின் வாயில் தானாக வர வேண்டுமென்றால் யாரோ அவருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களைப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இல்லையெனில் அழுத்தப் புண் வரும் என்பது பாடம். வீட்டில் தனியாக ஒரு வயதான தாய் மட்டுமே இருக்கும்போது அதை எப்படிச் செய்வது, தலையணையை எங்கே வைப்பது, இரவில் அந்தத் தாய் எப்போது தூங்குவது என்பது அனுபவம்.

இன்னொன்று. நோயாளியைச் சேர்க்கும்போது குடும்ப விபரம் கேட்கிறோம். கணவர் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் மனைவிக்கு இந்த இரண்டு கூடுகளிலும் விடை இல்லை. படிவத்தை நிரப்பும் அவசரத்தில் ஒரு மாணவி அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தப் பெண் அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார். எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது, எதை வெறுமையாக விடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் அவசியம். துன்பத்தைக் கண்டவர் எல்லோரும் அதனாலேயே நல்ல ஆசிரியராகிவிடமாட்டார். மருந்தில்லாத காலத்தில் கைக்கொண்ட சில பழக்கங்களை, ஒருமுறை பயன்படுத்த வேண்டியதை மீண்டும் பயன்படுத்துவது போன்றவற்றை, மாணவிக்குக் கடத்தக் கூடாது. தன் நினைவுகளே பாரமாக இருப்பவருக்கு வகுப்பறை ஆறுதலாகவும் அமையலாம், வேதனையாகவும் அமையலாம். ஆகவே அனுபவத்தை மதிப்பது என்றால் பயிற்சியைக் கைவிடுவது என்று பொருளல்ல. அனுபவம் உள்ளவருக்குப் பயிற்சியை எட்டச் செய்வது என்று பொருள்.

எதை மாற்றலாம்?

முதலாவது, கற்பித்தல் பயிற்சி கொழும்பில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதன் ஒரு பகுதியையேனும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடத்தலாம். இரு இடங்களிலும் போதனா வைத்தியசாலையும் தாதியர் கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டப்படிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன.

இரண்டாவது, விடுதியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் தாதியின் வேலையைக் கற்பித்தலாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு விடுதியில் முப்பது நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு ஐந்து மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுப்பவருக்கு இன்று அதற்கெனத் தனி நேரமும் கிடையாது, பதிவும் கிடையாது. அந்த ஆண்டுகள் மேற்படிப்புத் தெரிவில் புள்ளியாக வந்தால் பலருக்கு முதற்படி கிடைக்கும்.

மூன்றாவது, முன் கற்றலை அங்கீகரித்தல். தேசிய தொழிற்தகைமை முறையில் சான்றிதழ் இல்லாத ஒரு மேசனோ மின்னியலாளரோ தன் திறனைச் செய்து காட்டித் தகைமை பெற வழி இருக்கிறது. பராமரிப்பாளர் தொழிலுக்கும் தேசிய தொழிற்தகைமை உண்டு. அது ஒருவரைப் பதிவு பெற்ற தாதி ஆக்காது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் வன்னியில் பத்து ஆண்டுகள் நோயாளரைப் பார்த்த ஒருவர் முறையான தகைமை பெற்று, பின்னர் முதியோர் பராமரிப்பும் படுக்கை நோயாளர் பராமரிப்பும் கற்பிக்கும் பயிற்றுநராக வர இது ஒரு வழி. முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் பெருகும் நமது ஊர்களில் அந்தக் கற்பித்தலுக்குத் தேவை இருக்கிறது.

இந்தப் பாதையில் நிற்பவர்களுக்கு

தாதியர் சேவையில் இருந்துகொண்டு கற்பித்தலை விரும்புகிறவர்கள் நியமனம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடுதிக்கு வரும் மாணவிகளுக்கு ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டுவதிலிருந்து தொடங்கலாம். எதைச் சொன்னபோது அவர்களுக்கு விளங்கியது, எதில் தடுமாறினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். வைத்தியசாலையின் சேவைக்காலப் பயிற்சி வகுப்புகளில் ஒரு தலைப்பைப் பொறுப்பெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த சமூகத்துக்கு இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடயத்தைப் பற்றி, உதாரணமாகப் புண் பராமரிப்பைப் பற்றி, ஒரு பக்கக் கட்டுரையை அகராதியோடு வாசிப்பது நல்ல தொடக்கம். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி பாதி வழி இறங்கி வரும்.

தொண்டராக இருந்தவர்கள் அன்றைய வைத்திய அதிகாரிகள், மேற்பார்வையாளர்கள், கூட வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமிருந்து இப்போதே சேவை உறுதிக் கடிதம் பெற்று வைப்பது நல்லது. ஒவ்வொரு ஆண்டும் அந்தச் சாட்சிகள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

2009இல் முப்பது வயதில் இருந்த தாதியர் இப்போது நாற்பதுகளின் இரண்டாம் பாதியில் இருக்கிறார்கள். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓய்வு பெறுவார்கள். மறுபுறம், இன்று தாதியர் கல்லூரிக்குள் வரும் பிள்ளைகள் முள்ளிவாய்க்காலின்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். அவர்களில் பலருக்கு அந்தக் காலம் தெளிவாக நினைவில்லை. அவர்கள் பார்க்கப்போகும் நோயாளிகளுக்கோ அது உடம்பிலேயே இருக்கிறது. அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இருக்கும் காலம் இவ்வளவுதான்.